முதலுதவிப் படையும் மேய்ச்சல் தரையும்

தலைமை வகிக்கும் சனசமூக நிலையத் தலைவர் அவர்களே, வேலைப்பளுவுக்குள்ளும் வந்திருக்கும் பிரதேச சபைத் தவிசாளர் ஐயா அவர்களே, வைத்திய அதிகாரி அம்மா அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, கமக்காரர் அமைப்பின் பெரியவர்களே, கோயில் ஐயா அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, முன்னுக்குப் பாயில் இருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். வைத்திய அதிகாரி அம்மா இரவுக் கடமை முடித்து வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி. பெயர் சொல்ல விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று விடயங்கள் பேசலாம் என்று வந்தேன். வீதி விபத்து, பாம்புக்கடி, குளத்தில் மூழ்குவது. மூன்றிலும் அம்புலன்ஸ் வந்து சேரும்வரை உயிரைப் பிடித்து வைக்கப்போவது யார் என்பதுதான் கேள்வி. வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும் என்று எங்கள் அப்பு அடிக்கடி சொல்லுவார். குளக்கட்டுக்கு மண் சுமந்த மனிதர் அவர்.

1990 என்ற இலக்கம் இங்கே எல்லோருக்கும் தெரியும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 இல் வடக்குக்கும் வந்த இலவச அம்புலன்ஸ் சேவை. எங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். மூச்சு நின்றவனுக்கு நாலைந்து நிமிடத்தில் மூளை பழுதாகத் தொடங்கிவிடும். சாரதி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், அந்த முதல் நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவனின் கையில்தான் இருக்கின்றன.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஒரு மார்கழி மாதம், மழை விட்ட இரவு. நானும் மச்சானும் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் போன பெடியன் ஒருவன், வீதியில் படுத்திருந்த கறுத்த மாட்டில் போய் மோதிவிட்டான். மாடு எழும்பிப் போய்விட்டது. பெடியன் கிடக்கிறான். தொடையால் இரத்தம் ஓடுகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ்ஸும் வந்து நின்றது. இறங்கியது முப்பது பேர், ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் சோடாப் போத்தலைத் திறந்து வாயில் ஊற்றப் போகிறார். இன்னொருவர், "ஆற்றை மோன் தம்பி நீ?" என்று தோளைப் பிடித்து உலுப்புகிறார். நாலு பேர் கையிலும் காலிலும் பிடித்து, ஆட்டோவுக்குள் ஏற்றத் தயார். உண்மையைச் சொன்னால், வலது காலைப் பிடித்தவன் நான்தான்.

"ஒருத்தரும் தூக்காதேங்கோ!" என்று ஒரு சத்தம். பார்த்தால், இருபது வயதுகூட இருக்காது, ஒரு பிள்ளை. பஸ்ஸால் இறங்கி வந்து ஈரத்தில் முழங்காலில் இருந்து, அவன் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். "அண்ணை, உங்கட சால்வையை மடிச்சுத் தொடையில வைச்சு அமத்துங்கோ. எடுத்து எடுத்துப் பார்க்காதேங்கோ. ஐயா, நீங்கள் 1990க்கு அடியுங்கோ. அக்கா, வாகனங்களை மறியுங்கோ." சோடாக்காரர் போத்தலை மூடிவிட்டார். அம்புலன்ஸ் வரும்வரை அவள் கை எடுக்கவில்லை. பெடியனின் கழுத்தெலும்பில் வெடிப்பு இருந்தது என்று பிறகு அறிந்தோம். நாங்கள் தூக்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நித்திரை வராது. இப்போது அவன் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டுகிறான்.

எங்கே படித்தாய் பிள்ளை என்று கேட்டேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் மூன்று வருடம் முதலுதவிக் கொட்டகையில் தொண்டுக்கு நின்றாளாம். வகுப்பு இரண்டு நாள்தான். மயங்கி விழுந்தவர்களையும் கால் வெட்டுப்பட்டவர்களையும் பார்த்துப் பார்த்துத்தான் கையும் மனமும் பழகியிருக்கின்றன.

அமெரிக்காவில் வேர்ஜீனியா மாநிலத்தில் ரோனோக் என்று ஒரு ஊர். அங்கே ஜூலியன் வைஸ் என்பவர் சிறுவனாக இருந்தபோது, ஆற்றில் இருவர் மூழ்கிச் சாவதைக் கரையில் நின்று பார்த்தார். ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வேதனையை மறக்காமல், 1928 இல் தன்னோடு ரயில்வேயில் வேலை செய்தவர்களைச் சேர்த்துத் தொண்டர் மீட்புப் படை ஒன்றைத் தொடங்கினார். இன்றைக்கும் அந்த நாட்டில் பல தொண்டர் படைகள், சேருகிறவர்களுக்கு 120 மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட அவசர மருத்துவப் பயிற்சியைத் தங்கள் செலவிலேயே கொடுக்கின்றன. பதிலுக்கு அவர்கள் முறை வைத்துக் கடமைக்கு நிற்க வேண்டும். காசில்லாத வீட்டுப் பிள்ளையும் படிக்க அது ஒரு வழி.

எங்கள் ஊருக்கும் அப்படி ஒரு முதலுதவிப் படை வேண்டும் என்கிறேன். ஏன் படை? நின்ற இதயத்துக்கு நெஞ்சை அமத்துவதை எடுங்கள். 30 தரம் அமத்தி 2 தரம் மூச்சு ஊத வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு. எந்த வயிரமான ஆளுக்கும் இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும். அடுத்தவர் மாற வேண்டும். தனி ஆளால் முடியாது. பாம்புக்கடியும் அப்படித்தான். இரவில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவனைப் புடையன் கடித்தால், இறுக்கிக் கட்டாமல், கீறாமல், மோதிரத்தைக் கழற்றி, காலை ஆட்டாமல் சுமந்துவர நாலு பழகிய ஆட்கள் வேண்டும். மீதியை வைத்திய அதிகாரி அம்மா என்னைவிட நன்றாகச் சொல்லுவார்.

எனக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தப் பெடியன் ஏன் விழுந்தான்? காலபோக நெல் விதைத்தால் மாட்டுக்கு நிற்க இடமில்லை. வயலுக்குள் விடமாட்டோம், காட்டுக்குள்ளும் விடுகிறார்கள் இல்லை. இரவில் தார் வீதி காய்ந்து, சூடாக இருக்கிறது. மாடு வேறு எங்கே போய்ப் படுக்கும்? கட்டாக்காலி என்று மாட்டைப் பிடித்துத் தண்டம் அறவிட்டால் முடியாது, தவிசாளர் ஐயா. பிரிவுக்குப் பிரிவு மேய்ச்சல் தரையை அளந்து, எல்லைக் கல் போட்டுத் தாருங்கள். அதுவரை கழுத்துக்கு ஒளி தெறிக்கும் பட்டியை நாங்கள் கட்டுகிறோம். காயத்துக்குக் கட்டுப் போடப் பழகுகிற படை, காயம் வராமல் செய்யவும் கேட்கத்தான் வேண்டும். அப்பு சொன்ன அணை அதுதான். வெள்ளம் வருமுன் கட்ட வேண்டும்.

வாசலில் மேசையில் இரண்டு கொப்பிகள் இருக்கின்றன. ஒன்று படையில் சேர்வதற்கு. பெண் பிள்ளைகள் கட்டாயம் பெயர் எழுதுங்கள், தாய்மார் மறிக்காதீர்கள். மற்றது மேய்ச்சல் தரை மனு. தவிசாளர் ஐயா, அதில் முதல் கையொப்பத்துக்கான இடத்தை உங்களுக்காக வெறுமையாக விட்டிருக்கிறோம்.