திகதி கேட்காமல் கதை கேட்பது

[காட்சி: திருகோணமலை நகரம், காலை நேரம். கடற்கரை வீதி.]

வணக்கம். "உங்கட கதையைச் சொல்லுங்கோ" என்று எங்கள் ஊரில் ஒரு முன்னாள் போராளியிடம் கேட்டுப் பாருங்கள். "இவருக்கு இது எதற்கு?" என்றுதான் அவர் மனதில் முதலில் ஓடும். அதற்குக் காரணம் இருக்கிறது. 2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்தபின், விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்த ஏறத்தாழ 12,000 பேர் அரசின் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போனார்கள். பெயர் என்ன, எந்த ஆண்டு சேர்ந்தாய், எந்தப் பிரிவு, பொறுப்பாளர் யார் என்ற கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொன்னவர்கள் அவர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் பலரை விசாரிக்க ஆள் வந்தது. தங்கள் வாழ்க்கையை அவர்கள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள். அத்தனையும் வாக்குமூலமாகத்தான் போனது. ஆறுதலுக்காக ஒரு தடவையாவது சொல்ல இடம் கிடைத்ததா?

போரில் இருந்து திரும்பியவர்களுக்குக் கதையும் கவிதையும் எப்படி உதவும், அதை எங்கள் ஊரில் எப்படிச் செய்யலாம் என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

[காட்சி: இரவு. ஒரு வீட்டு ஜன்னல், எரியும் விளக்கு.]

சாதாரண ஞாபகத்துக்கு முன்னும் பின்னும் உண்டு. அதிர்ச்சி தந்த ஞாபகம் அப்படி ஒழுங்காக வராது. பட்டாசுச் சத்தமோ, தாழப் பறக்கும் ஹெலியோ, டீசல் மணமோ போதும், உடம்பு பழைய இடத்துக்கே போய்விடும். நித்திரை கெடும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும், சிலர் குடிக்குள் போய்விடுவார்கள். தள்ளி வைக்க வைக்க அந்த ஞாபகம் இன்னும் பலமாக வரும். நடந்ததைக் கதையாகச் சொல்லும்போது, துண்டு துண்டாகக் கிடந்ததற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் கிடைக்கிறது. அது முடிந்துபோன ஒன்று என்று உடம்பும் மெல்ல மெல்லப் பழகிக்கொள்கிறது.

1980களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் இதை மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார். தங்களை மிகவும் வருத்திய சம்பவத்தைப் பற்றி நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார். அப்படி எழுதியவர்கள் அதன்பின் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. ஆனால் பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பலன் உண்டு, அது சிறியது என்றுதான் தெரிந்தது. தனியாக எழுதுவது மட்டும் போதாது என்று நாங்கள் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வியட்நாம் போருக்குப் போய் வந்தவர்களோடு பொஸ்டனில் வேலை செய்த மனநல மருத்துவர் ஜொனதன் ஷே, ஊரும் சேர்ந்து அந்தப் பாரத்தை ஏற்றால்தான் குணம் வரும் என்று சொன்னார். யாழ்ப்பாணத்தில் போர்க் காலத்தில் பல ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், காயம் தனி ஆளுக்கு மட்டும் பட்டதல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் பட்டது என்று பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்.

[காட்சி: கண்ணகி கோயில் முற்றம், சடங்கு நேரம்.]

எங்களிடம் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. கிழக்கில் வைகாசி மாதம் கண்ணகி கோயில்களில் சடங்கு நடக்கும்போது, அநீதியால் கொதித்த ஒரு பெண்ணின் கதையை ஊரே கூடியிருந்து கேட்கும். கடைசியில்தான் குளிர்த்தி பாடி அவள் கோபத்தைத் தணிப்பார்கள். கதை முழுவதையும் கேட்காமல் யாரும் குளிர்த்திக்குப் போவதில்லை. "எல்லாம் முடிஞ்சுது, மறந்துட்டு வேலையைப் பாருங்கோ" என்று புத்தி சொல்கிறவர்கள் இந்த ஒழுங்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

[காட்சி: வாசிகசாலை. வட்டமாகப் போட்ட கதிரைகள்.]

சரி, இப்படிக் கதை சொல்லிக் கேட்கும் ஒரு வட்டத்தை எப்படித் தொடங்குவது? எட்டுப் பேர், பத்துப் பேர் போதும். இடம் வாசிகசாலையாக இருக்கலாம், கோயில் மண்டபமாக இருக்கலாம். முதல் சில வாரங்களுக்குப் போர்ப் பேச்சே வேண்டாம். கரைவலை இழுத்தது, பள்ளிக்கூடக் காலம், அம்மாவின் சமையல் என்று போகட்டும். அப்புறம் ஒரு பொருளைக் கொடுத்து நான்கு வரி எழுதச் சொல்லலாம். எழுதத் தயங்குகிறவர் வாயால் சொன்னால் இன்னொருவர் எழுதிக் கொடுக்கலாம். உதாரணத்துக்காக நாங்களே எழுதிய வரிகள் இவை (ஜெய்ப்பூர்க் கால் என்றால் செயற்கைக் கால்):

[திரையில் எழுத்து:]
ஜெய்ப்பூர்க் காலைக் கழற்றிக்
கட்டில் ஓரம் சாத்தி வைக்கிறேன்.
அதற்கு இரவில் வலிப்பதில்லை.
இல்லாத காலுக்குத்தான் வலிக்கிறது.

இதில் இடமும் இல்லை, ஆண்டும் இல்லை, இயக்கப் பெயரும் இல்லை. இருந்தும் சொல்ல வேண்டியது வந்துவிட்டது. கவிதையால் கிடைக்கும் பாதுகாப்பு இதுதான், எங்கள் ஊரில் அது மிகவும் பெறுமதியானது. இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் "எந்தச் சண்டையில கால் போனது?" என்று கேட்டால் அந்த இடம் உடனே விசாரணை அறையாகிவிடும். "எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலி கொஞ்சம் குறையும், அண்ணா?" என்று கேட்டால் அவர் இன்னும் பேசுவார்.

கேட்க வருகிறவர்களும் வெறுங்கையோடு வருவதில்லை, அவர்களுக்கும் சொந்தக் காயம் உண்டு. போரால் 2006இல் இடம்பெயர்ந்த, எங்கள் மாவட்டத்துச் சம்பூர் மக்களில் பலர் 2015க்குப் பிறகுதான் தங்கள் காணிக்குத் திரும்பினார்கள். அந்த வட்டத்தில் இருக்கும் ஒரு தாய், "என்ட பிள்ளையை இயக்கம் கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனது" என்று சொல்லக்கூடும். எதிரில் இருக்கும் முன்னாள் போராளியும் பதினாறு வயதில் அப்படிக் கொண்டுபோகப்பட்டவராக இருக்கலாம். நடத்துகிறவர் இந்த இடத்தில் சமாதானம் பேச அவசரப்படக் கூடாது. இரண்டு பேரும் சொல்லி முடிக்கட்டும்.

எங்கள் மாவட்டத்தின் கந்தளாயிலும் சேருவிலவிலும் இருக்கும் ஓய்வுபெற்ற இராணுவ வீரர்களுக்கும் நித்திரை வராத இரவுகள் உண்டு. அவர்களும் முன்னாள் போராளிகளும் ஒரே வட்டத்தில் உட்காரும் நாள் வர வேண்டும் என்று நாங்கள் மனதார விரும்புகிறோம். ஆனால் முதல் மாதத்திலேயே கமராவுக்கு முன் கைகுலுக்க வைப்பது இரண்டு பக்கத்துக்கும் செய்யும் அநியாயம்.

பெண் போராளிகளுக்குத் தனி வட்டம் வேண்டும். திரும்பி வந்தபின் ஊரின் பேச்சாலேயே அவர்களில் பலர் காயப்பட்டார்கள். ஆண்கள் இருக்கும் இடத்தில் அதைச் சொல்வது கஷ்டம்.

இனி, கட்டாயம் கவனிக்க வேண்டியவை. யாரையும் வற்புறுத்திச் சொல்ல வைக்கக் கூடாது. ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைப்பது சிலருக்கு நிலைமையை மோசமாக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடுவில் எழுந்து போக எவருக்கும் உரிமை உண்டு, ஆனால் அவரோடு ஒருவர் வெளியே போக வேண்டும். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் வட்டத்தை நம்பியிருக்காமல் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. ஒலிப்பதிவு வேண்டாம், படம் வேண்டாம், முகநூலில் போட வேண்டாம். எழுதிய தாள் எழுதியவரோடு வீட்டுக்குப் போக வேண்டும். அதை வைத்திருப்பதா, எரிப்பதா, பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.