39 டாலர் கேட்குது, மேடம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி வட்டாரத்தில் நூலகராக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். முன்பெல்லாம் ராத்திரியில் நூலகருக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். பூட்டிக் கிடக்கும் நூலகத்தைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது? இப்போது செய்கிறார்கள்.

போன மார்கழியில் ஒரு நாள், மணி பத்தரை இருக்கும். முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் மாணவி ஒருத்தி. லீவுக்குக் கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டுக்குப் போயிருக்கிறாள். "மேடம், நேத்து லைப்ரரில திறந்த அதே கட்டுரை இப்ப 39 டாலர் கேட்குது. நம்ம சந்தா முடிஞ்சு போச்சா?"

சந்தா முடியவில்லை. கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும்போது, ஆய்வுக் கட்டுரைகளுக்காக நூலகம் சந்தா கட்டும் இந்தத் தரவுத்தளங்கள் ஆளைப் பார்ப்பதில்லை, எந்த இணைப்பிலிருந்து வருகிறோம் என்பதைத்தான் பார்க்கின்றன. ஒவ்வொரு இணைப்புக்கும் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் உண்டு. சந்தா கட்டும்போதே வளாகத்தின் எண்களைப் பதிப்பாளரிடம் கொடுத்துவிடுவோம். வளாக வைஃபையில் இருந்தால் கேள்வி இல்லாமல் உள்ளே விட்டுவிடும். ஊருக்குப் போய் செல்போன் டேட்டாவைப் போட்டதும் எண் மாறிவிடுகிறது. அப்புறம் நீங்கள் அதற்கு யாரோ ஒரு வழிப்போக்கர். வழிப்போக்கருக்கு விலைதான் சொல்லும்.

"எப்படிம்மா உள்ள போனே?" என்று கேட்டேன். "கூகுள்ல தலைப்பைப் போட்டேன் மேடம்." எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்தப் பதிலோடு முடிந்துவிடும்.

அவள் உட்கார்ந்து பேசிய வீட்டையே உதாரணம் சொன்னேன். கானாடுகாத்தான் வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசலில் நின்று தட்டினால் முகப்பில் இருக்கும் ஆளுக்கு எப்படிக் கேட்கும்? வீட்டுப் பிள்ளையாகவே இருந்தாலும் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். நூலகத்தின் இணையப் பக்கத்துக்குப் போய், வெளியிலிருந்து பயன்படுத்துவதற்கென்று கொடுத்திருக்கும் இணைப்பைத் தொட்டு, அங்கிருந்து கட்டுரையைத் தேடச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் திறந்துவிட்டது.

அந்த இணைப்புக்குப் பின்னால் பொதுவாக இரண்டு ஏற்பாடுகளில் ஒன்று இருக்கும். ஒன்று ப்ராக்ஸி. நம் கல்லூரிக் கணினி ஒன்று நடுவில் நின்று, உங்களுக்காகக் கட்டுரையை வாங்கித் தரும். முகவரிப் பட்டையைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்: பதிப்பாளர் பெயருக்குப் பின்னால் நம் நிறுவனத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். புள்ளி இருந்த இடத்தில் பல சமயம் சின்னக் கோடு வந்திருக்கும். அந்த வால் இல்லையென்றால் வழியில் எங்கோ ப்ராக்ஸியை விட்டு இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, பதிப்பாளர் பக்கத்திலேயே நிறுவனம் வழியாக நுழைவது. இந்தியாவில் இதற்குக் காந்திநகரில் உள்ள, நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் இன்ஃபெட் என்ற கூட்டமைப்பை நடத்துகிறது. பட்டியலில் உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, நூலகம் கொடுத்த பெயரையும் கடவுச்சொல்லையும் போட வேண்டும். நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இங்கேதான் வருகிறது. அழகப்பா என்று பெயர் தொடங்கும் நிறுவனங்கள் நமக்கு எத்தனை! 1947-இல் தொடங்கிய கலைக் கல்லூரி, 1952-இல் வந்த பொறியியல் கல்லூரி, 1985-இல் உருவான பல்கலைக்கழகம். போதாததற்குச் சென்னையில் ஏ.சி. டெக் என்று சொல்லும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்ததெல்லாம் கொடை, சரி. ஆனால் இப்படிப் பெயர் ஒத்துப்போகும் இடத்தில் அவசரக்காரர்கள் முதலில் கண்ணில் படுவதைத் தொட்டுவிடுகிறார்கள். அப்புறம் கடவுச்சொல் தப்பு, தப்பு என்று வருகிறது. கடவுச்சொல் சரிதான், வீடுதான் தப்பு.

சரியான வழியில் போயும் திறக்கவில்லையா? பலரும் முதலில் சொல்லும் வைத்தியம் "கேஷையும் குக்கீயையும் அழி" என்பது, அதாவது பிரவுசர் சேர்த்து வைத்திருக்கும் பழைய பக்கங்களையும் நுழைவுக் குறிப்புகளையும். எந்தக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை மாதிரி. எனக்கு அது பிடிக்காது. சேமித்து வைத்ததெல்லாம் போய், மற்ற தளங்களிலும் திரும்ப நுழைய வேண்டியிருக்கும். அதற்கு முன்னால், பழைய குறிப்பு எதுவும் இல்லாமல் பிரவுசர் புதிதாகத் திறக்கும் பிரைவேட் விண்டோவில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் கோளாறு உங்கள் பிரவுசரில்: பழைய குக்கீயோ விளம்பரத் தடுப்பானோ. அப்போது அழிக்கலாம், அந்தத் தளத்துக்கு உரியதை மட்டும்.

நுழைவுப் பக்கத்தை புக்மார்க் செய்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த முகவரி ஒரே ஒரு முறைக்கானது, பழைய பஸ் டிக்கெட் மாதிரி. வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பை அங்கேயே தொட்டுத் திறப்பதும் சில போன்களில் காலை வாரிவிடும். அது வாட்ஸ்அப்புக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசரைத் திறந்தால், நீங்கள் குரோமில் ஏற்கெனவே நுழைந்திருப்பது அதற்குத் தெரியாது. இலவச வி.பி.என். போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். கானாடுகாத்தானில் உட்கார்ந்திருக்கும் உங்களை அது நெதர்லாந்தில் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

எல்லாப் பழியையும் மாணவர்கள் மேல் போட்டுவிட முடியாது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் திடீரென்று வளாகத்துக்குள்ளேயே ஒன்றும் திறக்கவில்லை. வந்தவர்களையெல்லாம் கணினியை அணைத்துப் போடு, வேறு பிரவுசரில் பார் என்று நான்கு நாள் விரட்டினேன். ஐந்தாம் நாள்தான் உறைத்தது. அதற்கு முந்தின வாரம் இணையச் சேவை தருபவரை மாற்றியிருந்தோம். ஐ.பி. எண்கள் மாறிவிட்டன. பதிப்பாளர்களுக்குப் புது எண்களை எழுதியனுப்ப வேண்டியவள் நான். அனுப்பவில்லை. அந்த நான்கு நாளில் என்னைத் தேடி வந்த ஒரு பையனின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. "நான் என்னமோ தப்பாப் பண்றேன் போல மேடம்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான்.

சில சமயம் உரிமையே இல்லாமலும் இருக்கும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 30 பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களைத் திறந்துவிட்டது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். ஆனால் அது மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும்தான். தனியார் கல்லூரிப் பிள்ளை எத்தனை பிரவுசர் மாற்றினாலும் அந்த வழியில் திறக்காது. அவர்கள் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இருக்கும் ஷோத்கங்காவைப் பார்க்கலாம். அதற்குக் காசும் இல்லை, கடவுச்சொல்லும் வேண்டாம்.

பக்கத்துக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா தமிழ்ப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருந்தார். ஒரு பழைய புத்தகத்துக்காக அங்கே பஸ் ஏறி வந்த ஆராய்ச்சியாளர்கள் உண்டு. 1992-இல் அவர் காலமானார். அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, 1994-இல் சென்னையில் நூலகமானது. அப்போது அலைச்சல் காலுக்கு, இப்போது விரலுக்கு.

கடைசியாக, நூலகருக்கு எழுதும்போது "ஓப்பன் ஆகலை" என்று ஒற்றை வரி அனுப்பாதீர்கள். எந்தக் கட்டுரை, எந்த வழியில் போனீர்கள், எத்தனை மணிக்கு, திரையில் என்ன எழுதி வந்தது, இதைச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் முகவரிப் பட்டையும் தெரியட்டும். கடவுச்சொல்லை மட்டும் அனுப்ப வேண்டாம், நான் கேட்டாலும் தர வேண்டாம். திறந்துவிட்ட சந்தோஷத்தில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை ஒரே ராத்திரியில் இறக்கவும் வேண்டாம். பதிப்பாளர் அதைத் திருட்டு என்று நினைத்து மொத்த வளாகத்தையும் பூட்டிவிடுவார்.

பத்தரைக்கு மேல் போன் செய்பவர்கள், முதலில் அந்த பிரைவேட் விண்டோவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வணக்கம்.