ஐந்து பேர் சேரும் வரை

செவிலியர் சகோதரிகளே, வார்டு ஊழியர்களே, வணக்கம்.

கால் முறிந்து ஆர்த்தோ வார்டுக்கு வந்தவர் இரண்டு நாள் சாதுவாகப் படுத்திருப்பார். மூன்றாம் நாள் இரவு கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சுவரில் பூச்சி ஊருது என்பார். குடி நின்று 48 முதல் 72 மணி நேரத்தில் வருகிற குழப்பம் அது. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் நைட் டியூட்டி பார்க்கிற உங்களுக்கு இது புதிதல்ல.

அவர் கையில் மருந்து ஏறும் குழாயை (கேனுலா) பிடுங்கிக்கொண்டு எழும்போது ஒரே ஒரு சிஸ்டர் ஓடிப் பிடிக்கிறார். அடிபடுவது அங்கேதான். ஒருவரைப் பிடிக்க ஐந்து பேர் வேண்டும்: கைகால்களுக்கு நால்வர், தலைமாட்டில் ஒருவர். தலைமாட்டில் நிற்பவர் மட்டுமே பேச வேண்டும். எண்ணூர்க் கரையில் வலை இழுப்பவர்களும் ஒரு குரலுக்குத்தானே சேர்ந்து இழுக்கிறார்கள்? ஆள் சேரும்வரை கை எட்டாத தூரத்தில், வாசல் பக்கமாக நின்று பேச்சுக் கொடுங்கள். கழுத்து அடையாள அட்டை, வளையல், பாக்கெட் கத்தரிக்கோல் எல்லாம் அதற்குள் கழன்றுவிடட்டும்.

பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றி வளைக்காதீர்கள். அவர் கையைத் திருகினால் முதலில் போவது அந்த விரல்தான். மற்ற நான்கு விரல்களோடு ஒட்டியே இருக்கட்டும். கடித்துவிட்டால் கையை இழுக்கத் தோன்றும். இழுத்தால் சதை கிழியும். வாய்ப்பக்கமாகவே அழுத்துங்கள், தாடை தளரும். முடியைப் பற்றினால் அவர் கையை உங்கள் தலையோடு இரு கையாலும் அமுக்குங்கள்.

கைகால் அசையாமல் பிடித்த பிறகே ஊசி. போட்ட ஊசிக்கு மூடி மாட்டாதீர்கள், அதைப் போடும் பெட்டியைக் கட்டிலருகே கொண்டுவந்துவிடுங்கள். ஊசி உங்களைக் குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பு, தண்ணீரால் கழுவுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் முதல் சில மணி நேரத்திலேயே, தப்பினாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும்.

கட்டுவதானால் கட்டில் சட்டத்தில் கட்டுங்கள், ஏறி இறங்கும் சைடு ரெயிலில் வேண்டாம். இரண்டு விரல் நுழைய இடம் விடுங்கள். குப்புறப் போட்டால் மூச்சு நின்றுவிடலாம். காயத்துக்குச் சுற்றும் காஸ் துணியால் கட்டினால் இழுக்க இழுக்க இறுகும். வலியில் அவர் திமிற, மறுபடியும் மல்லுக்கட்டு. கால் மணிக்கு ஒருமுறை விரல் நிறம் பாருங்கள்.

மனநல மருத்துவமனைகளுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 97ஆம் பிரிவு, ஆள் பற்றாக்குறையைக் காட்டி நோயாளியைக் கட்டக் கூடாது என்கிறது. நல்ல விதி. ஆள் இல்லாமல் பிடிக்க அனுப்பக் கூடாது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்!

டியூட்டி முடியுமுன் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் உங்கள் காயத்தைப் பதியச் சொல்லுங்கள். ரிப்போர்ட் புத்தகத்தில் "நோயாளி கட்டப்பட்டார்" என்று மட்டும் இருந்தால், காலையில் வீங்கும் உங்கள் கட்டைவிரல் வீட்டில் நசுங்கியதாகிவிடும்.