அழியவிருக்கும் கோப்புகள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கிடையில் வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, மண்டபத்தைக் கட்டணமின்றித் தந்துதவிய ஆலய அறங்காவலர் சபையினரே, முன்வரிசையை நிறைத்திருக்கும் இளைப்பாறிய அதிபர்களே, தாய்மாரே, இளையோரே, வணக்கம். நகரசபை உறுப்பினர் எட்டு மணிக்கு எழும்பவேண்டுமாம். அவர் இருக்கும்போதே முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்.

கனடாவின் வதிவிடப் பாடசாலைகள் விட்டுச்சென்ற வடுக்களை உடல், மொழி, ஏடு என மூன்றாகப் பேசுவேன் என்று அழைப்பிதழில் இருக்கிறது. பார்ப்போம்.

ஏறத்தாழ 150,000 பூர்வகுடிப் பிள்ளைகள் தாய்தகப்பனிடமிருந்து பிரிக்கப்பட்டு அங்கே வைக்கப்பட்டார்கள். காசு அரசினுடையது, நடத்தியவை திருச்சபைகள். 1892 முதல் தலைக்கு இவ்வளவு என்று மானியம். பிள்ளை குறைந்தால் காசும் குறையும். அதனால் இருமிக்கொண்டிருந்த பிள்ளையையும் சேர்த்தார்கள், கட்டில்களை நெருக்கிப் போட்டார்கள், விறகு மிச்சம்பிடிக்கக் குளிர்காலம் முழுக்க யன்னல்களை அடைத்தார்கள். காசநோய்க்கு இதைவிட என்ன வேண்டும்?

இதைக் கண்டவர் பீட்டர் பிரைஸ் என்ற அரசாங்க வைத்தியர். 1907இல் மேற்குப் புல்வெளி மாகாணங்களில் 35 பாடசாலைகளைப் பார்த்தார். கேள்விக்கொத்து அனுப்பினார். பதில் தந்த 15 பாடசாலைகளின் கணக்கில், சேர்ந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 24 பேர் உயிரோடில்லை. சஸ்கச்சுவானின் ஃபைல் ஹில்ஸ் பாடசாலையின் முன்னாள் மாணவரில் நூற்றுக்கு 69! பத்திரிகைகளில் செய்தி வந்தது. அரசு என்ன செய்தது? யன்னலைத் திறக்கவில்லை, வைத்தியரின் வாயை மூடியது. 1913இல் பூர்வகுடி விவகாரத் திணைக்களத்தின் தலைமைக்கு வந்த டங்கன் கம்பல் ஸ்கொட் அவருடைய அறிக்கைகள் இனி வேண்டாம் என்றார். 1920இல் வரவு கட்டாயமானது. 1921இல் பிரைஸ் ஓய்வில் அனுப்பப்பட்டார். மனுஷன் சும்மா இருந்தாரா? மறுவருடமே எல்லாவற்றையும் சிறு நூலாக அச்சிட்டு 35 சதத்துக்கு விற்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? இன்று ஒட்டாவாவின் பீச்வூட் மயானத்தில் பிரைஸ், ஸ்கொட் இருவருமே கிடக்கிறார்கள். பிள்ளைகளின் பெயரால் பூவும் பொம்மையும் வைக்கச் சனம் தேடிப்போவது பிரைஸின் கல்லறையை.

மொழி பற்றிச் சொல்ல ஒரு மாலை வேண்டும். ஏட்டுக்கு வருகிறேன்.

இந்தப் பாடசாலைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் குறைந்தது 3,200 மரணங்களை உறுதிசெய்தது. அவற்றில் மூன்றிலொன்றுக்குப் பிள்ளையின் பெயரே இல்லை. ஏறக்குறைய பாதிக்குக் காரணம் எழுதப்படவில்லை. 1936க்கும் 1944க்கும் இடையில் திணைக்களமே 200,000 கோப்புகளை அழித்திருக்கிறது. பூசணிக்காயை மறைக்க முடியாதவர்கள் சட்டியையே உடைத்துவிட்டார்கள்.

இப்போது இன்னொரு நாள் குறித்தாகிவிட்டது: 2027 செப்டம்பர் 19. அந்தப் பாடசாலைகளில் பட்ட துன்புறுத்தலுக்கு இழப்பீடு கேட்டு 38,000க்கு மேற்பட்டோர் கொடுத்த விண்ணப்பம், வாக்குமூல ஒலிப்பதிவு, அதன் எழுத்துப்படி, தீர்ப்பு ஆகியவை அன்றோடு அழிக்கப்படும். 2017இல் உச்சநீதிமன்றம் சொன்னது அது. இரகசியம் காக்கப்படும் என்ற வாக்கை நம்பியே அவர்கள் வாய்திறந்தார்கள், ஆகவே தீர்ப்பில் நியாயம் உண்டு. விண்ணப்பித்தவர் விரும்பினால் பிரதி எடுக்கலாம். வின்னிபெக்கிலுள்ள உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய நிலையத்தில், பெயரை மறைத்தோ காட்டியோ, வைக்கவும் சம்மதிக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் அழியும். இறந்துபோனவருக்காகப் பிள்ளை கையெழுத்திட முடியாது. சிக்கலே இங்குதான்: பெரும்பாலோர் முதியவர்கள், பலருக்கு இப்படியொரு தெரிவு இருப்பதே தெரியாது.

பழைய கதைதானே என்பவர்களுக்கு 2021 குடிசன மதிப்பீடு: 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 விழுக்காடு, வளர்ப்புக் குடும்பங்களில் விடப்பட்டவர்களிலோ 53.8 விழுக்காடு. இதையும் சோற்றில் மறைப்பீர்களா?

2021 ஜூனிலிருந்து குடியுரிமை எடுக்கும் ஒவ்வொருவரும் பூர்வகுடிகளின் உடன்படிக்கை உரிமைகளை மதிப்பதாக உறுதி எடுக்கிறோம். முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அங்குள்ள பூர்வகுடி முதியோரிடம் நீங்களாகப் பேச்சைக் கிளறவேண்டாம். அவர்களே தொடங்கினால், அந்தத் திகதியையும் தெரிவுகளையும் எடுத்துச் சொல்லுங்கள். மற்றவர்கள் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள்: வீடுவீடாகச் சென்று தெரிவிக்க ஆளும் பணமும் ஒதுக்கச் சொல்லுங்கள். நகரசபை உறுப்பினர் அவர்களே, எழும்பும் முன் ஒரு வேண்டுகோள். பிரதி கேட்கவோ பாதுகாக்கச் சம்மதிக்கவோ நிரப்பும் படிவத்தை எங்கள் வட்டார நூலகங்களில் வைக்க ஒழுங்கு செய்யுங்கள்.