சுப்பையா வாங்கித் தந்த எட்டு மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரியில் வ. சுப்பையாவை 'மக்கள் தலைவர்' என்றுதான் சொல்வோம். விடுதலைப் போராட்ட வீரராகப் பலருக்கும் அவரைத் தெரியும். நான் பேச வந்தது மில் தொழிலாளர்களின் சுப்பையாவைப் பற்றி.

1911இல் இங்கேயே பிறந்தவர். 1934இல் 'சுதந்திரம்' பத்திரிகையைத் தொடங்கினார். சவானா, ரோடியர், கப்ளே என்று மூன்று பஞ்சாலைகள் ஓடிய ஊர் இது. விடியுமுன் சங்கு ஊதினால் உள்ளே போகிறவர்கள், பொழுது சாய்ந்துதான் வெளியே வருவார்கள். சின்னப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. சங்கம் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை.

1936 ஜூனில் பிரான்சில் இடதுசாரிக் கட்சிகள் சேர்ந்த மக்கள் முன்னணி அரசு பதவிக்கு வந்தது. அந்நாட்டுத் தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேர வேலையும் சம்பளத்தோடு விடுமுறையும் கிடைத்தன. அதே பிரெஞ்சுக் கொடி பறந்த நம் ஊரில் அடுத்த மாதமே, ஜூலை 30ஆம் தேதி, வேலைநிறுத்தம் செய்த சவானா தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் மாண்டார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் என் மனம் ஆறுவதில்லை.

சுப்பையாவுக்கு அப்போது வயது 25. அழுதுவிட்டு அடங்கிப்போகிற ஆளா அவர்? பாரீசுக்குக் கப்பலேறினார். உங்கள் தொழிலாளிக்கு ஒரு நியாயம், எங்கள் தொழிலாளிக்கு ஒரு நியாயமா என்பதுதான் அவர் கொண்டுபோன வழக்கு. ஆளுகிறவர்களின் கொள்கையை வைத்தே அவர்களை மடக்கிய இந்தச் சாமர்த்தியத்தைத்தான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய சாதனையாக நான் நினைக்கிறேன். 1937இல் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் இங்கே சட்டமாயின. பிரிட்டிஷ் இந்தியத் தொழிலாளிக்கு அப்போது எட்டு மணி நேர வேலை எட்டாக்கனி.

பிறகு சிறை, நாடு கடத்தல், 1954இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து புதுச்சேரிக்கு விடுதலை, சட்டமன்றம், அமைச்சர் பதவி எல்லாம் வந்தன. 1993இல் மறைந்தார்.

அந்த மில்கள் இன்று ஓடவில்லை. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் முதலியார்பேட்டையில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய சங்கச் சந்தா ரசீதோ, மில் அடையாளச் சீட்டோ கிடந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். யார் பெயரில் இருக்கிறது, எந்த மில், எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். நன்றி, வணக்கம்.