எந்த விதியில் மோதுவார்கள்?

அவைக்கு வணக்கம். 1980-ல் குத்துச்சண்டை வீரர் முகமது அலி சென்னை நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடியதைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். அவர்களிடம் போய், "1950-களின் சாம்பியன் ராக்கி மார்சியானோ அலியை அடித்துப் போட்டிருப்பார்" என்று சொல்லிப் பாருங்கள். நாற்காலி பறக்கும்!

ஆனால் திரையில் அது நடந்தே விட்டது. மயாமி வானொலித் தயாரிப்பாளர் மரே வொரோனர், 1967-ல் அந்தக்கால, இந்தக்கால ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) வீரர்களின் விவரங்களைக் கணினிக்குக் கொடுத்துக் கற்பனைப் போட்டித் தொடர் ஒன்றை நடத்தினார். அதில் அலி, அந்தக்கால சாம்பியன் ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றார். அலிக்கு வந்ததே கோபம்! 10 லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். கடைசியில் சமரசமாகி, கேமரா முன்னால் மார்சியானோவுடன் மோதச் சம்மதித்தார். ஓய்வுபெற்று 13 வருடமான மார்சியானோ உடம்பை இளைத்து, தலைக்கு விக் வைத்துக்கொண்டு வந்து நின்றார். பல முடிவுகளைப் படம்பிடித்தார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் ஓடிய படத்தில், 13-ஆவது ரவுண்டில் அலி நாக் அவுட். ஜெயித்தவர் அதைப் பார்க்கவில்லை. 1969 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

சரி, கணினியை விடுங்கள். நாம் மட்டும் என்ன செய்கிறோம்? 49 சண்டை, 49 வெற்றி என்று மார்சியானோ கணக்கை எடுத்து வீசுகிறோம். அந்தக் கணக்கு எந்த விதியில் வந்தது என்று கேட்பதில்லை.

இன்னொரு பழைய சாம்பியன் ஜாக் டெம்ப்சியைப் பாருங்கள். 1919-ல் டொலீடோவில், தன்னைவிட மிக உயரமான ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை வீழ்த்தினார். விழுந்தவருக்குப் பக்கத்திலேயே காத்து நிற்பார். அவர் எழுந்து நிமிர்வதற்குள் அடுத்த குத்து விழும். அன்று அதற்குத் தடையில்லை. 1927-ல் சிகாகோவில் விதி வேறு: எதிராளி விழுந்தால் தள்ளிப்போய் நடுநிலை மூலையில் நிற்க வேண்டும். ஏழாவது ரவுண்டில் எதிராளி ஜீன் டனி விழுந்தார். நடுவர் பத்து எண்ணுவதற்குள் எழாவிட்டால் தோல்வி. டெம்ப்சி பழக்கதோஷத்தில் அங்கேயே நின்றார். அவர் நகரும்வரை நடுவர் எண்ணத் தொடங்கவில்லை. டனிக்குச் சுமார் 14 விநாடி கிடைத்தது. எழுந்தார், புள்ளிகளில் ஜெயித்தார். (பத்துக்குள்ளேயே எழுந்திருப்பார் என்பவர்களும் உண்டு. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.) அதனால் யாராவது "டெம்ப்சியா, டைசனா?" என்று கேட்டால், 1919 விதியிலா, 1988 விதியிலா என்று முதலில் கேட்பேன்.

மார்சியானோவுக்கும் இதே கதைதான். 1952-ல் ஜெர்சி ஜோ வால்காட்டை 13-ஆவது ரவுண்டில் ஒரே வலதுகைக் குத்தில் சாய்த்துத்தான் பட்டம் வாங்கினார். அதுவரை புள்ளி போடும் மூன்று பேரின் கணக்கிலும் பின்தங்கியிருந்தார். 1982-ல் கொரிய வீரர் டக் கூ கிம் அடிபட்டு இறந்த பிறகு பட்டப் போட்டிகளை 15 ரவுண்டிலிருந்து 12 ரவுண்டாகக் குறைத்தார்கள். அந்த விதி அன்றே இருந்திருந்தால் 49-0 ஏது? 1954-ல் எஸார்ட் சார்ல்ஸுடன் மோதியபோது மூக்கு பிளந்து ரத்தம் கொட்ட ஆடி, எட்டாவது ரவுண்டில் ஜெயித்தார். இன்றைய மருத்துவர் அவ்வளவு தூரம் விட்டிருப்பாரா, சந்தேகம்தான். எடையும் சுமார் 184 பவுண்டுதான். இன்றைக்கு அவர் ஹெவிவெயிட்டே கிடையாது!

என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். 1966 அலி, 1952 மார்சியானோ, அந்தக்கால 15 ரவுண்டு. அலியின் இடதுகை நீளத்தைத் தாண்டி உள்ளே நுழைவதற்குள் மார்சியானோவின் முகம் கிழிந்துவிடும். பத்தாவது ரவுண்டு வாக்கில் நடுவர் நிறுத்துவார். ஒத்துக்கொள்ளாதவர்கள் கையைத் தூக்குங்கள், மைக் வருகிறது.