வாத்து வேட்டைக்கு மூடப்படும் பள்ளி: வெமிஞ்சி கிரீ மக்களின் தலைமுறைப் பிணைப்பு

[காட்சி: பனி உருகத் தொடங்கிய கடற்கரை]

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஜேம்ஸ் விரிகுடாவின் கிழக்குக் கரையில் அமைந்துள்ள வெமிஞ்சி, ஏறத்தாழ 1,500 பேர் வாழும், கிரீ என்னும் பழங்குடி மக்களின் ஊர். வசந்தத்தில் காட்டு வாத்துகள் வடக்கு நோக்கித் திரும்பும்போது, அங்குள்ள பள்ளி ஏறக்குறைய இரண்டு வாரங்கள் மூடப்படுகிறது. பிள்ளைகள் தாத்தா பாட்டியருடன் வேட்டை முகாம்களுக்குச் செல்கிறார்கள். இதை வெறும் விடுமுறையாகக் கருதினால், அச்சமூகத்தில் குடும்பம் எவ்வாறு இயங்குகிறது என்பதே நமக்குப் பிடிபடாது.

[காட்சி: கூடாரம், புகை]

வேட்டையை அனுபவம் மிக்க ஒரு மூத்தவர் வழிநடத்துகிறார். காற்றில்லாத நாளில் வெடியோசை நெடுந்தொலைவு கேட்டுப் பறவைகள் மிரண்டு அவ்விடத்தையே கைவிட்டுவிடும் என்பதால் அன்று யாரும் சுடுவதில்லை. இருட்டிய பின்பும் சுடுவதில்லை. வேட்டையாடிய இடத்தைச் சில நாட்கள் ஓயவிட்டு வேறிடம் செல்கிறார்கள். பேரப்பிள்ளைகள் இவ்விதிகளைப் பெரியவர்களின் அருகில் பதுங்கியிருந்தே கற்கிறார்கள். கூடாரத்தில் பெண்கள் இறகு பறித்து, வாத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு, தீயருகே மெல்லச் சுழலச் செய்து வாட்டுகிறார்கள். ஒரு பிள்ளையின் முதல் வேட்டையை உறவினர் கூடி விருந்தாக உண்பது வழக்கம்.

நடை பழகிய குழந்தைக்கும் ஒரு சடங்கு உண்டு. அதுவரை வெளித்தரையில் கால் பதிக்காத குழந்தை, விடியற்காலையில் பெற்றோரின் கைபிடித்துக் கூடாரத்திலிருந்து வெளியே நடந்து சென்று, திரும்பி வந்து, உள்ளே காத்திருக்கும் மூத்தோரின் வாழ்த்தைப் பெறுகிறது.

பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி ஆகியோரைப் பெற்றோர் நிலையிலும், மாமன் மக்களையும் அத்தை மக்களையும் தனி முறையிலும் வைக்கும் பழைய கிரீ உறவுமுறை தமிழருக்கு எளிதில் விளங்கும். மானிடவியலாளர்கள் இவ்வகை அமைப்புக்குத் 'திராவிட முறை' என்றே பெயரிட்டுள்ளனர்.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்]

இத்தகைய நெருக்கத்தைத்தான் உறைவிடப் பள்ளிகள் அறுத்தன. 1930களிலிருந்து, ஃபோர்ட் ஜார்ஜ் தீவில் அரசின் ஆதரவுடன் திருச்சபைகள் நடத்திய பள்ளிகளுக்கு இக்கடற்கரையின் குழந்தைகள் அனுப்பப்பட்டு, ஆண்டின் பெரும்பகுதியைப் பெற்றோரைக் காணாமல் கழித்தனர். தாய்மொழியில் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட பிள்ளை, பாட்டியிடம் பேசச் சொற்களின்றி வீடு திரும்பியது பெருங்கொடுமை. கனடா அரசு 2008இல்தான் இப்பள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்டது.

தங்கள் நிலத்தில் ஓடும் லா கிராண்ட் ஆற்றின் நீர்மின் திட்டத்தை எதிர்த்துப் போராடிய கிரீ மக்கள், அரசுடன் 1975இல் கையெழுத்தான உடன்படிக்கையின் வழியே தங்கள் பள்ளிகளைத் தாங்களே நடத்தும் உரிமையையும், வேட்டையை நம்பி நிலத்தில் வாழும் குடும்பங்களுக்கு வருமான உதவியையும் பெற்றனர். பள்ளியின் நாட்காட்டி வாத்துகளின் வருகைக்கு இசைந்து நடப்பது அந்த உரிமையின் பயனே.